பத்துக் கோழிக்குச் சரிவிகிதத் தீவனம்: கடைக்குப் போகும் முன்னால் தொடங்குகிற வேலை

வீட்டுக்குப் பின்னால் பத்து, பதினைந்து கோழி வைத்திருப்பவர்களுக்கானது இது. நாட்டுக்கோழியோ, வனராஜா, கிராமப்பிரியா மாதிரி மேம்படுத்திய ரகமோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆயிரம் கோழிப் பண்ணைக்கு இது உதவாது, அங்கே கணக்கு வேறு.

புதிதாகக் கோழி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் மூட்டையை வாங்கிவிட்டு, அப்புறம் கோழிக்கு என்ன தேவை என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, 10 கிலோ வரை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று, நல்ல தார்ப்பாய், இறுக்கமான மூடி உள்ள டிரம், ஒரு பழைய நோட்டு. தராசு இல்லாமல் கைப்பிடிக் கணக்கில் போவதாக இருந்தால் 5 முதல் 7 வரை உள்ள பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். கைக்குக் கை அளவு மாறும், அதை வைத்துக்கொண்டு கலவை போட முடியாது.

1. முதலில் எண்ணுங்கள், வயதைப் பிரித்து

நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சு எத்தனை, எட்டு வாரம் தாண்டி இன்னும் முட்டைக்கு வராதது எத்தனை, முட்டையிடும் பெட்டை எத்தனை. சேவலை இரண்டாவது வரியில் சேர்த்துவிடுங்கள், அதற்கு முட்டைக்கோழித் தீவனம் தேவையில்லை.

வயதைப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சுக்குத் தீவனத்தில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும், வளரும் கோழிக்கு 16 போதும், முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18. புரதத்தில் கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிய சேதமில்லை. சுண்ணாம்புச் சத்தில்தான் ஆபத்து. குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் தீவனத்தில் சுமார் 1 சதவீதம் கால்சியம் போதும், முட்டைக்கோழிக்கு 3 முதல் 3.5 வரை வேண்டும். இந்த மூன்று மடங்கு வித்தியாசம்தான் எல்லாக் கோழிக்கும் ஒரே மூட்டை என்ற யோசனையைக் கெடுக்கிறது.

நானே செய்த தப்பு ஒன்று. கடையில் குஞ்சுத் தீவனம் இல்லை என்றதும், "அதுவும் கோழித் தீவனம்தானே" என்று லேயர், அதாவது முட்டைக்கோழித் தீவன மூட்டையை வாங்கி வந்து ஆறு வாரக் குஞ்சுகளுக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் சில குஞ்சுகள் தூங்கி விழ ஆரம்பித்தன, எச்சம் தண்ணியாக வெள்ளையாகப் போனது. நான் வெள்ளைக் கழிச்சல் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் இறந்த ஒன்றை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் வீங்கி, உள்ளுறுப்புகள் மேலே சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைப் படிவு இருந்தது. அதிகக் கால்சியம் இளங்கோழியின் சிறுநீரகத்தைத்தான் முதலில் அடிக்கும்.

2. மேய்ச்சலில் என்ன கிடைக்கிறது என்று தொட்டுப் பாருங்கள்

இந்தப் படியை யாருமே செய்வதில்லை. செலவில்லாத படியும் இதுதான்.

மாலையில் கோழிகள் அடைய வரும்போது, தீவனம் எதுவும் போடுவதற்கு முன்னால், நாலைந்தைப் பிடித்துக் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாக இருந்தால் அன்றைக்கு நன்றாக மேய்ந்திருக்கிறது. தளர்ந்து தொங்கினால் சுற்றித் திரிந்ததுதான் மிச்சம். தொடர்ந்து நாலு நாள் பார்த்து எழுதி வையுங்கள்.

மேய்ச்சல் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மழை பெய்து புல் முளைத்து பூச்சி, புழு கிடைக்கும் காலத்தில் புரதம் ஓரளவுக்குத் தானாகக் கிடைக்கும், தானியம்தான் குறையும். அறுவடை முடிந்து களத்திலும் வயலிலும் சிந்தியது கிடக்கும்போது நேர்மாறு: தானியம் நிறைய, புரதம் குறைவு. பங்குனி, சித்திரையில் இரண்டுமே இருக்காது. ஆகவே "நாட்டுக்கோழிக்குத் தினமும் இவ்வளவு" என்று ஒரே அளவைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

முழுக்க அடைத்து வளர்த்தால் பெரிய கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் வைத்துக்கொள்ளுங்கள், உடல் பெருத்த ரகமாக இருந்தால் 120. நன்றாக மேயும் கோழிக்கு 40 முதல் 50 கிராம் போதும். எட்டுப் பெட்டை, ஒரு சேவல் என்று வைத்தால், அடைத்து வளர்க்க மாதம் 27 கிலோ, மேயவிட்டால் 13 கிலோ சொச்சம். குஞ்சு ஒன்று எட்டு வாரத்துக்குள் சுமார் ஒன்றரைக் கிலோ தின்னும். இந்தக் கணக்கு நோட்டில் ஏறிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் 50 கிலோ மூட்டையை வாங்கி அது டிரம்மிலேயே பூசணம் பிடிக்கும்.

3. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

வழி மூன்று இருக்கிறது.

ஒன்று, கம்பெனி மூட்டை. பத்துக் கோழிக்கும் குறைவாக இருப்பவர்களுக்கும், முதல் முறை குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் குஞ்சுப் பருவத்தில் கலவை பிசகினால் அந்தக் கோழி கடைசி வரைக்கும் தேறாது.

இரண்டு, கான்சென்ட்ரேட். புண்ணாக்கு, தாது, வைட்டமின் எல்லாம் செறிவாகக் கலந்து வரும். அதோடு மக்காச்சோளமும் தவிடும் நாம் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், அந்த விகிதத்தை மாற்றக் கூடாது. எங்கள் உடுமலைப் பக்கம் மாதிரி மக்காச்சோளம் காட்டிலேயே விளைகிற ஊர்களில் இதுதான் கட்டுப்படியாகும்.

மூன்று, முழுக்கச் சொந்தக் கலவை. இருபது கோழிக்கு மேல் இருந்தால், பொருள் எல்லாம் பக்கத்தில் கிடைத்தால், ஆட்டிக் கொடுக்க மில் இருந்தால் இறங்கலாம்.

மாட்டுத் தீவனம் என்று நாலாவது வழி ஒன்றைச் சிலர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வேண்டாம். அதில் நார் அதிகம், சில ரகங்களில் யூரியாவும் இருக்கும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும், கோழிக்கு அந்த வசதி கிடையாது, அதற்கு அது விஷம்.

4. மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் படியுங்கள்

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். "ஸ்டார்ட்டர்" என்றால் பிராய்லர் ஸ்டார்ட்டரும் இருக்கும், லேயர் ரகக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டரும் இருக்கும். பார்க்க வேண்டியது மூன்று: புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, தயாரித்த தேதி என்ன. கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1374, அந்த எண் அட்டையில் இருந்தால் நல்லது. தேதி இல்லாத மூட்டையையும், சாக்கைப் பிரித்துச் சில்லறையாக அள்ளித் தருவதையும் நான் வாங்குவதில்லை.

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் முதல் மாதம் பிராய்லர் ஸ்டார்ட்டர் போடலாம், தப்பில்லை. ஆனால் ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த தீவனமா என்று அட்டையில் பாருங்கள். அப்படிப்பட்ட தீவனத்தை முட்டையிடும் கோழிக்குப் போட்டால் மருந்து முட்டையில் இறங்கும், அந்த முட்டையைத்தான் நம் பிள்ளைகள் சாப்பிடும்.

அடுத்து, மூட்டையை வாங்கிய பிறகு நடக்கும் தவறு. இதைச் செய்யாத வீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். லேயர் தீவனம் விலை அதிகம் என்று பாதிக்குப் பாதி மக்காச்சோளமோ அரிசிக் குருணையோ கலந்து போடுவார்கள். மூட்டையில் புரதம் 17, கால்சியம் 3.4 என்று வையுங்கள். மக்காச்சோளத்தில் புரதம் 9, கால்சியம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் புரதம் 13, கால்சியம் 1.7. முட்டைக்கோழித் தீவனத்தின் காசைக் கொடுத்து அது இல்லாத ஒன்றைப் போடுகிறோம். அப்புறம் "கம்பெனித் தீவனம் போட்டும் ஓடு கெட்டியாகாத தோல் முட்டைதான் வருது" என்று புலம்பல். தானியம் போட ஆசையாக இருந்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். நன்றாக மேய்கிற கோழி என்றால் சமாளிக்கும், அடைத்த கோழி சமாளிக்காது.

5. பொருள் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை

சொந்தக் கலவைக்காரர்களுக்கு முக்கியமான பகுதி இது. ஏனென்றால் கெட்ட பொருளை எவ்வளவு சரியான விகிதத்தில் கலந்தாலும் கெட்டதுதான்.

மக்காச்சோளம்: ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். சந்தேகமாக இருந்தால், காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மணியும் ஒரு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் குலுக்கிவிட்டு வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, வாங்க வேண்டாம். மக்காச்சோளத்தில் பாதி வரைக்கும் கம்போ அரிசிக் குருணையோ மாற்றிப் போடலாம், எது மலிவோ அது. குருணை கூடினால் மஞ்சள் கரு வெளுக்கும். அதனால் முட்டையின் சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நிறம் மக்காச்சோளத்திலிருந்தும் பச்சைத் தழையிலிருந்தும் வருவது.

கடலைப் புண்ணாக்கு: புரதம் 40 சதவீதத்துக்கு மேல், ஊரெங்கும் கிடைக்கும், ஆனால் பூசண நஞ்சு ஏறுவதில் இதுதான் முதல். அந்த நஞ்சு (அஃப்ளாடாக்சின்) கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். புதிதாக ஆட்டிய செக்கில் நேராக வாங்குங்கள், கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். வாத்துக் குஞ்சு இருக்கும் வீட்டில் கடலைப் புண்ணாக்கை அடியோடு தவிர்க்கலாம், வாத்துக்கு இந்த நஞ்சைத் தாங்கும் சக்தி கோழியைவிட மிகக் குறைவு.

சோயாப் புண்ணாக்கு: புரதம் 45 அளவில். ஆலையில் எண்ணெய் எடுத்து, சூடு காட்டிய புண்ணாக்கைத்தான் வாங்க வேண்டும். சோயாவைப் பச்சையாக அரைத்துப் போட்டால் அதில் இருக்கும் ஒரு பொருள் புரதச் செரிமானத்தைத் தடுத்துவிடும்.

ஒரே புண்ணாக்கை நம்பாமல் இரண்டைக் கலக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் இரண்டு அமினோ அமிலமும் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நன்றாக இருக்கும், லைசின் இருக்காது. ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு இரண்டும் கோழிக்கு ஆகாது.

கருவாட்டுத் தூள்: கலப்படம் அதிகம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள், மணல் அடியில் தங்கும். நாக்கு நுனியில் வைத்தால் உப்பு கரித்தால் அது உப்புக் கருவாடு, அதைப் போட்டால் கலவையில் தனியாக உப்பு சேர்க்கவே கூடாது. பெரிய கோழிக்கு இதை நான் போடுவதில்லை, முட்டையில் கவிச்சி வாடை வரும்.

அரிசித் தவிடு: மில்லில் அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். எண்ணெய் உள்ள தவிடு சில வாரங்களில் காறிப்போகும். உமி கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரவென்று குத்தினால் உமி.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா பற்றிக் கேட்பீர்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் பச்சை அசோலா ஒரு கிலோவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், புரதம் 15 கிராம் கிடைத்தால் பெரிது. ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராம். அசோலா தொட்டி கட்டிவிட்டேன், இனிப் புண்ணாக்கு வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் வீட்டுக் கோழிகள் மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

6. பத்துக் கிலோக் கலவை

முதல் முறை பத்துக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். பிசகினாலும் நஷ்டம் சின்னது.

குஞ்சுக்கு (எட்டு வாரம் வரை): மக்காச்சோளம் 5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2.5 கிலோ, அரிசித் தவிடு 1.5 கிலோ, உப்புக் கருவாட்டுத் தூள் 700 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவை 300 கிராம். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும்.

வளரும் கோழிக்கும் சேவலுக்கும்: மக்காச்சோளம் 4.6 கிலோ, தவிடு 3.1 கிலோ, சோயா 1.2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 800 கிராம், தாது உப்புக் கலவை 260 கிராம், உப்பு 40 கிராம். புரதம் 16க்குக் கொஞ்சம் மேலே.

முட்டைக்கோழிக்கு: மக்காச்சோளம் 5.2 கிலோ, தவிடு 1.5 கிலோ, சோயா 1.6 கிலோ, கடலைப் புண்ணாக்கு 700 கிராம், கிளிஞ்சல் தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 260 கிராம், உப்பு 40 கிராம். புரதம் 16.5 அளவு, கால்சியம் 3.4 அளவு.

தாது உப்புக் கலவையில் கோழிக்கானது என்று கேட்டு வாங்குங்கள், மாட்டுக்கானதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதிலேயே உப்பு சேர்ந்திருந்தால் தனி உப்பை நிறுத்திவிடுங்கள். வைட்டமின் கலந்ததாக இல்லையென்றால் கோழிக்கான வைட்டமின் கலவையையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும், குறிப்பாக வெயிலே படாமல் அடைத்து வளர்த்தால்.

பொருள் மாறினால் கணக்கு போடுவது கஷ்டமில்லை. ஒவ்வொரு பொருளின் கிலோவை அதன் புரதச் சதவீதத்தால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிலோவால் வகுத்தால் கலவையின் புரதம் வந்துவிடும். மக்காச்சோளம் 9, கம்பு 11, குருணை 8, தவிடு 12, கடலைப் புண்ணாக்கு 42, சோயா 45 என்று வைத்துப் போடுங்கள். விலையையும் இப்படியே ஒப்பிடலாம். உதாரணத்துக்கு, 42 சதவீதப் புரதம் உள்ள புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதம் 119 ரூபாய்க்கு விழுகிறது. 12 சதவீதம் உள்ள தவிடு கிலோ 24 ரூபாய் என்றால் 200 ரூபாய். மலிவு என்று தவிட்டைக் கொட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

7. கலக்கும் வரிசை

மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் மில்லில் உடைக்கும்போது குஞ்சுக்கு ரவை பதம், பெரிய கோழிக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய நொய் பதம். மாவாக அரைத்துவிட்டால் அலகில் அப்பிக்கொள்ளும், பாதி காற்றில் பறக்கும். ரொம்பப் பெரிதாக விட்டால் மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கும், நாம் போட்ட கணக்கு தட்டிலேயே உடைந்துபோகும். மில்லில் முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் பயப்பட வேண்டாம், கோழிக்குக் காரம் உறைக்காது. முட்டைக்கோழிக் கலவைக்கான கிளிஞ்சலும் சன்னத் தூளாக இல்லாமல் குருணையாக இருந்தால் இன்னும் நல்லது.

கலக்கும்போது சின்ன அளவுப் பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும். தாது உப்பு, உப்பு, வைட்டமின் மூன்றையும் ஒரு கிலோ தவிட்டில் போட்டுக் கையால் நன்றாகப் பிசறுங்கள். அதை மக்காச்சோள நொய்யில் இரண்டு கிலோவோடு கலந்து, அப்புறம் தார்ப்பாயில் கொட்டிய மீதிக் கும்பலின் மேல் தூவி, மண்வெட்டியால் மூன்று முறை புரட்டுங்கள். நேராக மொத்தத்தில் 40 கிராம் உப்பைக் கொட்டினால் அது ஒரு மூலையில் தங்கிவிடும், அந்த மூலை வாய்க்கும் கோழி தண்ணீராகக் கழியும், மற்றதற்கு உப்பே இருக்காது.

8. கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள்

நம் வீடுகளில் குஞ்சு, இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழி, சேவல், பெட்டை எல்லாம் ஒரே கொல்லையில்தான் திரியும். வயது வாரியாகத் தீவனம் போடுவது சொல்ல எளிது, செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்லும் வழி: எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான கலவை, முட்டைக்கோழிக்கு வேண்டிய கால்சியம் மட்டும் தனிச் சட்டியில் கிளிஞ்சலாக.

முட்டையிடும் பெட்டைக்கு எப்போது சுண்ணாம்பு வேண்டும் என்று அதற்கே தெரியும், சாயங்காலம் போய்த் தானாகக் கொத்தும், ஏனென்றால் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. சேவலும் விடைக்கோழியும் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும். இதற்கு மட்டும் தூளை வாங்காதீர்கள், மிளகு அளவுக்கு உடைத்த துண்டுகள் வேண்டும். துண்டு வயிற்றில் மெதுவாகக் கரைந்து இரவெல்லாம் சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும், தூள் அதற்குள் போய்விடும்.

முட்டை ஓட்டையே திரும்பப் போடலாம், அடுப்பில் வறுத்து நொறுக்கி. முழு வடிவத்தில் போட்டால் முட்டையை உடைத்துத் தின்னும் பழக்கம் பிடித்துக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை விடவைப்பது பெரும்பாடு.

கிளிஞ்சலும் கல்லும் ஒன்றல்ல. அடைத்து வளர்க்கும் கோழிக்கு முழுத் தானியம் போட்டால், அதை அரைக்கச் சின்னக் கூழாங்கல்லும் வேண்டும், கிளிஞ்சல் கரைந்துவிடும், அரைக்க உதவாது. மேய்கிற கோழி தனக்கு வேண்டிய கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும்.

9. ஏழு நாளில் மாற்றுங்கள்

பழைய தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தினால் கோழி புதியதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே முட்டை நின்றுபோகும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுசும்.

முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறுவதைக் காலண்டர் பார்த்துச் செய்யாதீர்கள். நாட்டுக்கோழி ஐந்தரை மாதத்திலும் முட்டைக்கு வரும், ஏழு மாதமும் ஆகும். கொண்டை சிவந்து பெரிதாகி, கை வைத்தால் குனிந்து உட்கார ஆரம்பித்தால் அதுதான் நேரம்.

10. போடும் நேரமும் தண்ணீரும்

மேய்கிற கோழிக்குக் காலையில் வயிறு நிறையப் போட்டால் அது மரத்தடியில் படுத்துக்கொள்ளும், மேயாது. காலையில் கொஞ்சமாகக் கொடுத்துத் திறந்துவிட்டு, முக்கியமான பங்கை மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். கோழி நேரத்துக்கு வீடு திரும்பவும் அது உதவும். கத்திரி வெயிலில் நடுப்பகலில் போட்டால் தின்னாது, விடியலிலும் பொழுது சாயும்போதும் மட்டும்.

ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 மில்லி தண்ணீர், கோடையில் அதைப்போல இரண்டு மடங்கு கூட ஆகும். தண்ணீர் குறைந்தால் தீவனம் எடுப்பதும் குறைந்துவிடும், பிறகு எந்தக் கலவையைப் போட்டும் பயனில்லை. ஈரமாகப் பிசைந்து போடுகிற பழக்கம் இருந்தால் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் பிசையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா காலையில் பிசைந்த தவிட்டைச் சாயங்காலம் வரை விட்டு வைப்பார், அது புளித்து, நாலு குஞ்சு போன பிறகுதான் நிறுத்தினார்.

சமையலறை மிச்சம் போடலாம். ஊறுகாய், அப்பளம், உப்பு தூக்கலான குழம்பு, பூசணம் பிடித்த ரொட்டி, இவை மட்டும் வேண்டாம்.

11. குஞ்சுக்குத் தனி வாசல்

தாயோடு திரியும் குஞ்சுக்குப் போட்டதைத் தாயும் மற்றக் கோழிகளும் தின்றுவிடும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே குஞ்சுத் தீவனத்தை வையுங்கள். குஞ்சு அடியில் நுழையும், பெரியது நுழையாது. குஞ்சு வளர வளரக் கல்லை உயர்த்த வேண்டியதுதான்.

முதல் நாள் தட்டில் போடாமல் காகிதத்தில் தூவினால் சீக்கிரம் கொத்தப் பழகும். கறையான் கிடைத்தால் விடாதீர்கள். பானையில் பழைய சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியலில் பானையில் ஏறியிருக்கும். குஞ்சுக்கு இதைவிட நல்ல புரதம் இல்லை, காசும் இல்லை.

12. மூன்று வாரம் பாருங்கள், அதுவரை மாற்றாதீர்கள்

இரண்டு நாளில் முட்டை கூடவில்லை என்று கலவையை மாற்றுகிறவர்களுக்கு எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. மூன்று வாரம் ஒரே கலவையில் நின்று, நோட்டில் இவற்றை மட்டும் எழுதுங்கள்: தினமும் எத்தனை முட்டை, அதில் தோல் முட்டை எத்தனை, தட்டில் மிச்சம் எவ்வளவு, வாரம் ஒருமுறை மூன்று குஞ்சின் எடை. எப்போதும் அதே மூன்று குஞ்சு, காலில் நூல் கட்டி வையுங்கள்.

எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் நல்லது. எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் தண்ணியாகக் கழிந்தால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு மட்டும் கழிந்தால் அது நோயாக இருக்கும், அதற்குத் தீவனத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றையொன்று இறகு பிடுங்கினால் புரதமோ உப்போ குறைவாக இருக்கலாம், இட நெருக்கடியாகவும் இருக்கலாம். இடத்தை முதலில் பாருங்கள். தோல் முட்டை தொடர்ந்தால் கிளிஞ்சல் சட்டி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம்.

மார்கழியில் முட்டை குறைவதற்குத் தீவனம் காரணமல்ல, பகல் பொழுது குறைவதுதான். இறகு உதிர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்தும். இந்த இரண்டு சமயத்திலும் கலவையில் கை வைக்காதீர்கள்.

13. சேமிப்பு

கலந்த தீவனம் மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம், மழைக்காலத்தில் இரண்டு வாரம். தரையில் மூட்டையை வைத்தால் அடி ஈரமாகும், பலகை போட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கட்டி தட்டியிருந்தாலோ, முகர்ந்தால் புழுக்க வாடை வந்தாலோ வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், பூசணம் காயும், நஞ்சு காயாது. அதை மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வரும்.

மொத்தமாக மக்காச்சோளமோ புண்ணாக்கோ வாங்கிச் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொண்டுபோங்கள். மேலே மட்டும் அள்ளிக்கொண்டு போனால் வியாபாரி மேலே போட்டு வைத்த நல்ல மணிக்குத்தான் சான்றிதழ் கிடைக்கும்.